முதல் மெஷினுக்கு வைத்த பொட்டு

மருதாசலம் பனியன் கம்பெனிக்கு முதலாளி; பக்கத்துக் கல்லூரிக்குத் தாளாளர். எந்தப் படிப்புக்குச் சேர்ந்தாலும் முதலாண்டில் வரலாறு கட்டாயப் பாடம் என்று பாடத்திட்டக் குழுவில் பிடிவாதம் பிடித்தவர் அவர்தான்.

"பானிபட் போரைப் படிச்சுப் பசங்க என்னங்க பண்ணப் போறாங்க?" என்று முதல்வர் மெல்லக் கேட்டார்.

"பானிபட்டு எதுக்குங்க? குண்டடத்துல சோளக்காட்ட வித்துப்போட்டு வந்தவன் எப்படி ஆயிரம் பேருக்கு வேலை குடுத்தான்னு படிக்கட்டும். வந்த வழிய மறந்தவன் உருப்பட மாட்டானுங்க."

தம்மைத்தான் சொன்னார். நல்ல பேச்சுதான். குழுவும் ஒப்புக்கொண்டது.

ஏதேனும் ஒரு கம்பெனிக்குப் போய், அங்குள்ள பழைய பொருள் ஒன்றின் கதையைத் தொழிலாளர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும் என்பது முதல் பருவத்து வேலை. சாமளாபுரத்துத் தறிக்காரர் மகள் தரணி, மருதாசலத்தின் கம்பெனிக்கே போனாள். அலுவலக வாசலில் ஓடாத ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்று இருந்தது. ஆயுத பூஜையன்று முதலாளி தம் கையால் முதல் பொட்டை அதற்குத்தான் வைப்பார். பிறகுதான் மற்ற மெஷின்களுக்கு.

அதன் கதையைச் சொன்னவள், தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் ராமுத்தாய். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து அக்காவோடு பிழைக்க வந்தவள்.

"அது எங்கக்கா ராக்கம்மா தச்ச மெஷினு தாயி. அன்னிக்கு அவளுக்கு நெருப்பாக் காய்ச்சல். வீட்டுக்குப் போக கேட் பாஸ் சீட்டு கேட்டா. கப்பலுக்குப் போற சரக்கு, 'இந்த லாட்டு முடியட்டும் கண்ணு'ன்னுட்டாக முதலாளி. சாயங்காலம் அது மேலயே தலய வச்சவதான், எந்திரிக்கல."

தரணி நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்புறமும் எப்படீங்க இங்கயே வேலைக்கு வர்றீங்க?"

"அடுத்த பூசையில அந்த மெஷின வாசலுக்குக் கொண்டாந்து, மொதப் பொட்ட அதுக்கு வச்சாக. எம்மனசு அன்னிக்கே ஆறிப்போச்சு. மன்னிப்ப வாயாலதான் கேக்கணுமா? இருவது வருசமா அந்தப் பொட்டுக்காகத்தான் இந்த வாசல மிதிக்கேன்."

முதல் பொட்டு அதற்கே என்பதால், 'முதலாளியின் முதல் மெஷின்' என்று தலைப்பிட்டுத் தரணி எழுதிக் கொடுத்தாள். தலைப்பைப் பார்த்ததுமே முதல்வர் அதை விழாவில் வாசிக்கத் தேர்ந்தெடுத்துவிட்டார். உள்ளே ஒரு வரியும் படிக்கவில்லை. கம்பெனி ஆயுத பூஜையில், ஆயிரம் தொழிலாளர்களுக்கு முன்னால் அவளே மைக்கில் வாசித்தாள்.

"தவறு செய்யாத மனிதர் இல்லை. செய்த தவறை மறக்காமல் ஆண்டுதோறும் பொட்டு வைக்கும் மனிதரை இங்கேதான் பார்க்கிறேன்" என்று முடித்தாள். புகழ்ந்துவிட்டதாகவே அவள் நினைத்தாள்.

மருதாசலம் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. பேசாமல் குனிந்து பொட்டை வைத்திருந்தால் போதும். அவ்வளவு எளிதான ஒரு நன்மையை ஆண்டவன் எல்லார் கையிலும் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

அவர் சிரித்தார். "உனக்கு யாரோ தப்பாச் சொல்லிப்போட்டாங்க கண்ணு. நா மொதமொதல்ல வாங்குன மெஷினு அது. ராசியான மெஷினு. பொட்டு அதுக்குத்தான்." பிறகு சூப்பர்வைசர் சுரேஷிடம் திரும்பி, "யாரப்பா அது, ராக்கம்மா?" என்றார்.

சுரேஷ் தலைகுனிந்துகொண்டான். ராக்கம்மா இறந்த வருடம் அவன் அங்கே தைப்பவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பையன்.

முதலாளி பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. பொய்யாக இருந்திருந்தால் ராமுத்தாய் தாங்கியிருப்பாள்.

பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாருக்கும் பொரி கொடுத்தார்கள். ராமுத்தாயின் பொட்டலம் மேசையிலேயே கிடந்தது. தரணி அவளைத் தேடி வந்து, "நா எழுதியிருக்கக் கூடாதுங்க அக்கா" என்றாள்.

"நீ என்ன பண்ணுவ தாயி. நாந்தான் அவுகளுக்கு ஒரு மனச எழுதி வச்சிருந்தேன்."

விடுமுறை முடிந்த அன்று காலையிலேயே மருதாசலம் முதல்வரைப் போனில் கூப்பிட்டார். "அந்த வரலாற விருப்பப் பாடமா மாத்திப்போடுங்க. புடிச்சவங்க படிக்கட்டும்."

"நீங்கதானுங்களே கட்டாயம்னு..."

"ஆமாங்க. இப்ப வேண்டாங்கறேன். அந்த நேரத்துக்கு எக்செல் சொல்லிக்குடுங்க."

அதே நாள் பத்து மணிக்கு ராமுத்தாய் சுரேஷின் மேசைக்கு வந்தாள்.

"கேட் பாஸ் வேணும்யா."

அன்றைக்கும் கப்பல் சரக்குதான். மாலைக்குள் பெட்டி கட்டியாக வேண்டும். சுரேஷ் காரணம் கேட்கவில்லை. சீட்டை எடுத்தான்.

"பேரு ராக்கம்மான்னு எழுது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு நிதானமாக அந்தப் பெயரை எழுதினான். திரும்பி வரும் நேரம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டான். அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தானே தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் உடன் நடந்தான்.

இருபது வருடம் தாமதம். ஆனாலும் அந்தச் சீட்டைக் காவலாளி வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.