பாயில் தட்டிய கை

...தட்டியிருக்கிறாள், தட்டியேதான் இருக்கிறாள், இதோ பிலிமின் இந்தக் கட்டத்தில் கை எழும்புகிறது, சில கட்டம் தள்ளிப் பாயில் படுகிறது, மறுபடி எழும்புகிறது, மறுபடி படுகிறது, பூதக்கண்ணாடியைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதே கைதான், நடிகை மிசாவோவின் கை... படத்தில் காட்டக்கூடாததைக் கருப்பு பூசி மறைப்பது என் வேலை, தூரிகையில் மை காய்கிறது, காய்ந்தால் காயட்டும். போன மாதம் தரை துடைக்க ஆளில்லை என்று என்னை ஸ்டூடியோவுக்கு அனுப்பியிருந்தார்கள், கேமரா ஓடுவதற்கு முன்னால் அவள் கூட நடிக்கிற இவாசேயின் மார்பில் விரலால் குத்தினாள், "அண்ணே, ஜூடோல மாதிரிதான். நான் பாயில ரெண்டு தட்டு தட்டினா உடனே விட்டுடணும், என்ன?" "நான் என்ன பேயாம்மா? தட்டு, விட்டுடறேன்." எல்லாரும் சிரித்தார்கள், நானும் வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவு திறந்தபோது அவள் சொன்னாள், "நான் தட்டினேன், யாருமே நிறுத்தல." இயக்குநர் தலையை ஆட்டி, "நீ எங்கம்மா தட்டின? நடிப்புல உனக்கே மறந்துபோச்சு. ஆனா என்னா நடிப்பு!" என்றார், ஆட்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பொய்க்காரி என்று பேர், எந்த ஸ்டூடியோவும் கூப்பிடுவதில்லை... பொய்க்காரியா? வாங்கடா, வந்து பாருங்கடா!

ஆனால் இந்தக் கையைத்தான் நான் அழிக்க வேண்டும். தணிக்கைக்காரர்கள் படம் பார்த்தார்களாம், கட்டினதைப் பார்த்தார்கள், அறைந்ததைப் பார்த்தார்கள், அவள் அலறினதைக் கேட்டார்கள், அதெல்லாம் இருக்கட்டுமாம், இடுப்புக்குக் கீழே முடி மட்டும் தெரியக்கூடாதாம். முடி! அவள் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறானே, அது முடியில்லையா? காலையில் எங்கள் மேலாளர் குசாகா, போலீஸுக்குப் பயந்து, "தாராளமா பூசு மினே. இடுப்பிலேர்ந்து தொடை வரைக்கும் ஒரே கருப்பா இருக்கட்டும். பக்கத்துல கை கிடந்தா அதுவும் போகட்டும்" என்றார். பூசினால் கை போய்விடும், கை போனால் அவள் சொன்னதும் போய்விடும்... இத்தனை வருஷம் மறைத்து மறைத்தே தேய்ந்த கை இது, இன்றைக்குப் பார், எப்படி ஓடுகிறது! கருப்புப் பொட்டைச் சின்னதாக வைத்தேன், முடி மறைந்தது, கை தப்பித்தது, அடுத்த கட்டம், அதற்கடுத்தது, தோள் வலிகூடத் தெரியவில்லை.

குசாகா கண்ணாடியைக் கண்ணில் வைத்துச் சுருளை இழுத்து இழுத்துப் பார்த்தார். "என்ன மினே, கஞ்சத்தனமா பூசியிருக்க? கை தெரியுதே." "கைதானே சார், கைக்கு ஏது முடி?" அவர் குபீரென்று சிரித்துவிட்டார். "வாய் ஜாஸ்தி உனக்கு. போகட்டும், கைக்குச் சட்டம் கிடையாது." சுருளைப் பெட்டியில் போட்டு, மோட்டார் பைக்கில் கொண்டுபோகிற பைக்காரனிடம் கொடுத்தார்... ஜெயித்துவிட்டேன், ஓசாகாவில் தெரியும், நாகோயாவில் தெரியும், ஊர் ஊராகத் தெரியும்!

ஓடினேன், புகையிலைக் கடை வாசலில் சிவப்பு டெலிபோன், காசு இரண்டு தரம் கையை விட்டு விழுந்தது, எடு, எடு மிசாவோ... எடுத்தாள். "மினேக்காவா? என்னக்கா இப்படி மூச்சு வாங்குது?" "உன் கை இருக்குடி! ரெண்டு தரம் தட்டியிருக்க, நான் மறைக்கல, திரையில அவ்வளவு பெருசா எல்லாரும் பார்க்கப் போறாங்க!" அழுகிறாளா? சந்தோஷத்தில் நாக்கு எழவில்லையா? நான் பேசிக்கொண்டே போனேன், இவாசே மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வான், அந்த இயக்குநர்... எல்லாரும் பார்ப்பார்கள் என்றேனே, கையை மட்டுமா பார்ப்பார்கள்? எதிரே பைக்காரன் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு வண்டியை உதைக்கிறான். அப்போதுதான் காதில் கேட்டது, ரிசீவரின் மேல், நகத்தாலா விரலாலா தெரியவில்லை, டொக்... டொக்.

இரண்டு.