விளக்கெண்ணெய் தடவிய பிரேக்

கொளஞ்சியப்பனின் அம்பாசடர் காரில் மலைக்காரர்கள் ஏறுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்வராயன் மலை இறக்கத்தில் ஒருநாள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போக, வண்டியை மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே இருந்த பெரியண்ணன் இறங்கி, தினை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மீதி மலையையும் நடந்தே கடந்தார். சும்மா நடக்கவில்லை, எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். மலைமேல் அவர் ஊரான வெள்ளிமலையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அதனால்தான் கொளஞ்சி சேலத்துக்குப் போனான். பழைய கார்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தித் தரும் சுப்புராயன் இரண்டு செட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று சிவப்புப் பூச்சோடு புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கியது. இன்னொன்று வெறும் கறுத்த இரும்பு.

"சிவப்ப எடுத்துக்க. லாரியே நின்னுடும்."

"அது நிக்கட்டுங்க. பிரேக் பேடு தேஞ்சா மாத்தறதுக்கு இன்னா பண்ணணும்?"

"மொத்தத்தையும் கழட்டணும். தனி ஸ்பேனர் வேணும். இங்க கொண்டாந்தா நானே மாத்தித் தரேன்."

"எங்கங்க கொண்டாரது? இட ஒதுக்கீட்டு மறியல்னு தெனம் ஒரு மரம் ரோட்டுல வுழுது. சேலம் வந்து சேர்றதுக்குள்ள ஒரு மாமாங்கம் ஆயிடும்."

கறுப்பில் அந்த வம்பு இல்லை. சக்கரத்தைக் கழற்றி இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்தால் போதும், மேல்பக்கத் திறப்பு வழியாக பேடு கையோடு வந்துவிடும். கொளஞ்சி கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிப் பார்த்தான். மூன்றாம் தடவை விரலை நசுக்கிக்கொண்டான்.

"கண்ணத் தொறந்துக்கினும் மாத்தலாம்யா, தப்பில்ல," என்றார் சுப்புராயன்.

கறுப்பையே வாங்கிப் பொருத்திக்கொண்டான். மாற்றுக்கு ஒரு செட் பேடும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

பெரியண்ணனுக்கு ஆள்மேல் ஆள் விட்டதில், "ஒரே ஒரு தடவ ஏறிப் பாக்கறேன்" என்று இறங்கி வந்தார். ஆயுதபூஜைக்கு மறுநாள் விடியலில் கள்ளக்குறிச்சியில் அவரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் மலையே ஏறும். இல்லாவிட்டால் காரை விற்றுவிட்டு, களமருதூரில் மாமனார் வயலில் மாமனார் சொல்படி நாற்று சுமக்க வேண்டியதுதான். கொளஞ்சிக்கு நாற்றின்மேல் கோபம் ஒன்றுமில்லை.

வடக்கனந்தலை நெருங்கும்போது ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. ஆளில்லாத விடியல் ரோட்டில் அதுவரை அழுத்தி மிதிக்கும் வேலை வரவில்லை. இப்போது கொளஞ்சி பிரேக்கை மிதித்தான். வண்டி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "முருகா" என்று இன்னொரு மிதி மிதித்துக் கைபிரேக்கையும் இழுத்தான். பின்சக்கரங்கள் முனக, கார் ஊர்ந்து போய்ப் புளிய இலைக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

மறியல் இளைஞர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன்போல் இருந்த அன்புச்செல்வன் இடுப்பில் கை வைத்தான். "யோவ் டிரைவரு, மறியல ஒடைக்கிறவன் இவ்ளோ பையவா ஒடைப்பான்?"

பெரியண்ணன் மூட்டையோடு இறங்கிவிட்டார். "அன்னிக்காவது எறக்கம். இன்னிக்கு ஏத்தமா வேற நடக்கணும்."

கொளஞ்சி ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க் கண்ணாடிபோல் பளபளத்தது. விளக்கெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூஜைக்குக் கழுவுவதற்காக முந்தாநாளே சக்கரங்களைக் கழற்றிக் காரைக் கட்டைமேல் நிறுத்தியிருந்தான். அன்றிரவுத் தூறலில் டிஸ்க்கில் லேசாகத் துரு படிந்திருக்கும். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் எண்ணெய் தடவும் பெரியநாயகி, அவன் மனைவி, நேற்று பூஜையில் இதையும் அப்படியே எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டும் வைத்திருக்கிறாள். இன்று இருட்டோடு சக்கரத்தை மாட்டியவன் கவனிக்கவில்லை.

"இன்னாய்யா, பிரேக்குக்கு எண்ணெக் குளியலா? யாரு பண்ண வேல?" என்றான் அன்புச்செல்வன்.

பெரியண்ணனும் பதிலுக்காகக் காத்து நின்றார். உண்மையைச் சொன்னால் கொளஞ்சியின்மேல் பழி இல்லை. அவன் துணியை எடுத்து உதறினான்.

"நான்தான். துரு புடிக்குமேன்னு தடவிட்டேன். நமக்குப் புத்தி கம்மிங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களே பெட்ரோலில் துணி நனைத்து டிஸ்க்கைத் துடைத்தார்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். மரம் வெட்டிய அன்புச்செல்வன் ஊசிகளைத் தட்டிக் கொடுத்தான். எண்ணெய் குடித்த பேடுகள் வெளியே வந்தன, புதியவை உள்ளே போயின. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து அரைமணி ஆகவில்லை. கொளஞ்சி காரை மூன்று தடவை ஓட்டி மிதித்துக் காட்டினான். மூன்று தடவையும் ஆணி அடித்தாற்போல் நின்றது.

பெரியண்ணன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "டிரைவரே, அந்தப் பொட்டு யாரு வச்சது?"

"நான்தாங்க..."

"பொட்டு மொளகு அகலந்தான் இருந்துச்சி. உன் வெரல நீட்டுனா கெளைன்னு இந்தப் பசங்க வெட்டிடுவானுங்க."

கொளஞ்சி தலையைச் சொறிந்தான். "நல்லதுன்னு நெனச்சித்தாண்ணே செஞ்சிருக்கும்."

"எங்க வூட்லயும் கொடுவாளுக்கு எண்ணெ போடாம பூஜ கெடையாது." அவர் மூட்டையைக் காருக்குள் தள்ளினார். "இத்தினி பேரு முன்னால வூட்டுக்காரிய வுட்டுக்குடுக்கல நீ. எங்கள மட்டும் வளைவுல வுட்டுடவா போற? ஏறு, போலாம்."

ஏரிக்கரையோரம் மாற்று வழியை இளைஞர்களே காட்டினார்கள்.

சாயங்காலம் கார் ஆறு மலைக்காரர்களோடு இறங்கி வந்தது. எல்லாரையும் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவனிடம், "ஏங்க, புது பிரேக்கு எப்படிங்க?" என்று ஆவலாகக் கேட்டாள் பெரியநாயகி.

"பிரமாதமா புடிச்சிது. எண்ணெ மட்டும் அதுக்கு ஒத்துக்காதாம், கடைக்காரரு சொன்னாரு," என்றான் கொளஞ்சி. "பொட்டு வச்சா போதுமாம்."