பெரிய திரையில் படகு

வயரின் ஒரு முனை சன்னம், மறுமுனை பட்டை. சன்னமானது மகள் அனுப்பிய கையடக்க கேம் மெஷினுக்கு, பட்டையானது டிவியின் முதுகுக்கு. இதைப் புரிந்துகொள்ளவே அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போய்விட்டது. டிவியைச் சுவரோடு ஒட்ட மாட்டிவிட்டுப் போனவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, கன்னத்தைச் சுவரில் அழுத்தி, ஓட்டையைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துச் செருகினாள். மெஷினில் தெரிந்த நீலக் கடலும் சின்னப் படகும் அப்படியே பெரிய திரையிலும் வந்தன. கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். நான்கு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கை தப்பியது. விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னதால் மகள் இந்த மெஷினை அனுப்பினாள். மடியில் தலையணை, அதன்மேல் மெஷின். இடது கட்டைவிரலால் குமிழைத் தள்ளினால் படகு பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். பத்தே நாளில் நான்கு கட்டம் தாண்டிவிட்டார். குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொண்டதால்தான் டிவி யோசனை வந்தது.

பெரிய திரையில் படகு முதல் பாறையிலேயே மோதியது. திங்களும் மோதியது, செவ்வாயும் மோதியது. புதன்கிழமை மெஷினைத் தொடவில்லை. வியாழன் காலை தண்ணீர் டம்ளரை நீட்டினால் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"என்னங்க, கை வலிக்குதா?"

"இந்தக் கையும் போகுது. நான் தள்ளுறேன், படகு அப்புறமாத்தான் திரும்புது. சொன்ன பேச்சைக் கை கேக்க மாட்டேங்குது."

கிரேனில் கோளாறு என்றால் இந்த மனுஷன் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்படுவார். லீவரில் இம்மி ஆட்டம் இருந்தாலும் மெக்கானிக்கை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இப்போது எதுவானாலும் தன் உடம்பைத்தான் சந்தேகப்படுகிறார். அவளுக்கும் அதுதான் முதலில் தோன்றியது என்பது வேறு விஷயம்.

மத்தியானம் அவர் தூங்கியதும் மெஷினை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். டிவியைப் பார்த்துக் குமிழைத் தள்ளினாள். படகு பாறையில் மோதியது. இன்னொரு தடவை. மறுபடியும் மோதியது. தற்செயலாகக் குனிந்தபோதுதான் கவனித்தாள்: மடியில் இருந்த சின்னத் திரையில் படகு ஏற்கெனவே திரும்பியிருந்தது. டிவியில் அது ஒரு கண்சிமிட்டும் நேரம் கழித்தே திரும்பியது. மகளுக்கு போன் போட்டாள்.

"அது டிவியோட வேலைம்மா. படத்தைப் பளபளன்னு ஆக்கிட்டுக் காட்டுறதுக்குள்ள லேட்டாயிடும். செட்டிங்ல கேம் மோடுன்னு இருக்கும், அதை மாத்திடு."

உடனே மாற்றவில்லை; மாற்றிவிட்டால் அவருக்குக் காட்ட முடியாது. அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்தாள்.

"கை நல்லாத்தான் இருக்கு. டிவிதான் லேட்டு," என்றாள்.

அவர் நம்பவில்லை. "நீ எனக்கு ஒழுங்கா கை காட்டி நாலு மாசம் ஆச்சு," என்றார்.

வேறு யாருக்கும் இது புரிந்திருக்காது. கிரேன் மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே நின்று சைகையாகக் கை காட்டும் ஒரே ஒருவரை நம்பித்தான் சரக்கை இறக்குவார். முதலாளியே வந்து கை ஆட்டினாலும் லீவரைத் தொடமாட்டார். பதினோரு வருடம் அவருக்குக் கீழே நின்று கை காட்டியவள் அவள்தான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்த்தேன், கட்டிக்கிட்டேன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார்.

ஒரு ஸ்டூலை டிவிக்கு நேர் கீழே இழுத்துப்போட்டு மெஷினை அதன்மேல் வைத்தாள். அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்து, இடது கட்டைவிரலைக் குமிழில் வைத்தாள்.

"ரெண்டையும் பாருங்க."

தள்ளினார். கீழே படகு உடனே திரும்பியது. மேலே பிறகு திரும்பியது. வலப்பக்கம் தள்ளினார், இடப்பக்கம் தள்ளினார். பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தார். பிறகு டிவியை விட்டுவிட்டுச் சின்னத் திரையை மட்டும் பார்த்து, ஒரு பாறையிலும் உரசாமல் முதல் கட்டத்தைத் தாண்டினார். மூச்சை இழுத்து விட்டார்.

"இது டிவிதான்," என்றார்.

"டிவிதான்."

"சரி. வலது கை?"

வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். உள்ளே வந்து, ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று சொன்னது அவள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பூசி மெழுகினாள். இப்போதும் அதே வார்த்தைதான் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"வராது," என்றாள். "அன்னைக்கே சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்குத்தான் மனசு வரல."

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. அவள் அழுதாள். அவர் அழவில்லை.

"அந்தப் பயிற்சிக்காரப் பொண்ணு இடது கையால எழுதிப் பழகச் சொல்லிச்சு," என்றார். "வலது கைதான் வரப்போகுதே, எதுக்குன்னு நான்தான் விரட்டிவிட்டேன். நாலு மாசம் வீணாப்போச்சு."

"என்னாலதாங்க."

"ஆமா, உன்னாலதான்," என்றார். பிறகு, "பேனா எடுத்துட்டு வா," என்றார்.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தை ஸ்டூலில் வைத்தாள். அவர் பேரின் முதல் எழுத்தே கோணிக்கொண்டு போனது. அழுத்தி எழுத எழுதத் தாள் நகர்ந்தது. அதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு இன்னொரு கை இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.