தொண்ணூற்றொன்பதில் நின்ற தெரு

ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓஎஸ் என்ற இயங்கு மென்பொருளை ஏற்றுவது தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்ற செவ்வாய்க்கிழமையிலிருந்து, அந்தத் தெருவில் எதுவும் முடியவில்லை. பால் பாத்திரத்தின் விளிம்பு வரை வந்து நின்றது. சலூனில் ஒருவருக்கு இடது கிருதா மட்டும் கத்திக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டு மாமியார் மருமகள் சண்டை, முற்றவும் இல்லாமல் ஆறவும் இல்லாமல் பதினாறு நாள் ஒரே சூட்டில் ஓடியது. ஜனங்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதவள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனின் மனைவி ஒருத்திதான். அவளுக்குக் குறித்த நாள் கடந்தும் குழந்தை பிறக்கவில்லை. வலி வரும், வந்த வழியே திரும்பிவிடும். டாக்டரம்மா துடிப்பைக் கேட்டுவிட்டு, பிள்ளை சௌக்கியம், காத்திருக்கிறது என்றார்.

தப்பு யாருடையது என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. எந்த மெஷின் வந்தாலும் மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்ப்பதுதான் ரிப்பேர்காரனின் முதல் வைத்தியம். அதனால் அவனுக்கு ரப்பர் என்றே பெயர். பழைய சாமான் கடையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்த அன்று, "பிள்ள பொறக்கறதுக்குள்ள இத ஓட வைக்கிறேன், பாருங்க" என்று நடுத்தெருவில் நின்று சொன்னான். தெரு அவன் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டது.

ரப்பர் மெமரியைத் தேய்த்தான், கேபிளை மாற்றினான், பென்டிரைவை முன்னாலிருந்து பிடுங்கிப் பின்னால் செருகினான். அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் எண் பூஜ்ஜியத்துக்குப் போனது, அவள் வயிறும் தட்டையானது. எண் ஏற ஏற வயிறும் ஏறும். முக்கால் மணி நேரத்தில் ஒன்பது மாதம். தொண்ணூற்றொன்பதில் இரண்டும் நின்றுவிடும். ஆறாவது முறை அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அணைக்காதீங்க. ஒரு தடவ திரும்பி வராமப் போயிட்டா?"

அவனுக்கும் அந்தப் பயம்தான். அதற்குப் பிறகு மெஷினைத் தொடவே இல்லை, முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். பதினேழாம் நாள் மத்தியானம், பக்கத்து மேசையில் சோப்பு செய்ய எண்ணெய் நிறுத்துக்கொண்டிருந்த அவள், திரையின் மூலையில் இருந்த தேதியைப் படித்தாள்.

"என்னங்க, இது கணக்குப்படி நீங்க இன்னும் அரை டிராயர் போட்டுப் பள்ளிக்கூடம் போறீங்க."

தேதி இருபத்துமூன்று வருடம் பின்னால் இருந்தது. கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரியைப் புதிதாகப் போட்டதால் ரப்பர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எந்த டப்பாவிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டாள். நீல டப்பா என்றான். அவள் தலையில் கை வைத்தாள். எதையும் தூக்கிப்போடாத வீடு அது. தன் எலக்ட்ரானிக் தராசில் தீர்ந்துபோன பேட்டரியை நீல டப்பாவில் போட்டுவிட்டு, அங்கிருந்த புதியதை அவள்தான் எடுத்திருந்தாள். இன்னும் வராத காலத்தில் எழுதிய கோப்புகளைக் கம்ப்யூட்டர் எப்படி நம்பும்? கடைசிச் சோதனையில் தள்ளிவிட்டது.

தராசைத் திறந்து பேட்டரியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் தயங்கினான். பிளக்கை அவளே பிடுங்கினாள்.

தேதியைச் சரிசெய்து மறுபடி தொடங்கியபோது ஜன்னலில் தெருவே தொங்கியது. சலூன்காரர் எண்களை உரக்க வாசித்தார். நாற்பதில் பிள்ளை உதைத்தது, எழுபதில் அவள் சிரித்தாள், தொண்ணூறில் டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு எல்லாரையும் விரட்டினார். தொண்ணூற்றொன்பதில் ரப்பர் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தது அழுகைச் சத்தம் கேட்டுத்தான். எல்லா வீட்டிலும் பால் ஒரே சமயத்தில் பொங்கி அடுப்பை நனைத்தது. மாமியார் மருமகளுக்குத் தலைவாரிவிட்டார்.

அந்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வீட்டுப்பாடத்தில் கடைசிக் கணக்கு மட்டும் முடியாமல் அவள் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் யாரும் திட்டுவதில்லை. ரப்பர் எழுந்துபோய்ப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பேட்டரியை மாற்றிவிட்டு வருகிறான்.