யார் எத்தனை திராட்சை போட்டீர்கள்?

ஜனவரி முதல் தேதி காலை ஏழு மணிக்கு, காவல் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது பனேலா சமையலறை வாசலில் வாந்தி எடுத்திருந்தது. ஒன்பது கிலோ நாய். வெல்லக்கட்டி நிறம்; பனேலா என்றாலே வெல்லம்தான், அதனால் அந்தப் பெயர். வாந்திக்கு நடுவே ஒரு பச்சைத் திராட்சை, கடிபடாமல், முழுசாகக் கிடந்தது.

"யாரு நாய்க்குத் திராட்சை போட்டது?"

அம்மா காபி வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி அர்னுல்ஃபோ மாமா சாப்பாட்டு மேசையிலேயே தலை கவிழ்ந்து கிடந்தார். வாயிலிருந்து சோம்புச் சாராய நெடி. என் தங்கை யுராணி பயணப் பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். வருஷம் பிறக்கும்போது காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினால் அந்த வருஷம் வெளிநாடு போகலாம். ஏழு வருஷமாக ஓடுகிறாள். பக்கத்து ஊர் பெரெய்ராவைத் தாண்டியதில்லை.



"திராட்சை பழம்தானே, விஷமா என்ன?" என்றாள் அம்மா. "அவகாடோதான் ஆகாதும்பாங்க. அத நான் அது கிட்ட அண்ட விடறதே இல்ல."

"அவகாடோ பரவாயில்லம்மா, கொட்டை தொண்டையில சிக்காம இருந்தா. திராட்சை கிட்னிய முடிச்சிடும்."

"பெரிய டாக்டர் சொல்றாரு," என்றார் மாமா, தலை தூக்காமலே. "மூணாவது செமஸ்டர்ல ஓடி வந்த டாக்டர்."

கால்நடை மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவன் நான். அங்கே கற்றதில் மிச்சமிருப்பது கொஞ்சம் எலும்புகளின் பெயரும் இந்தத் திராட்சை விஷயமும்தான். ஒரு நாய் ஒரு குலையைத் தின்றுவிட்டு வாலாட்டும், இன்னொன்று நாலு பழத்தில் சாகும். எது எந்த நாய் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

மணிசாலெஸ் நகரத்தில் திறந்திருந்த ஒரே மிருக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா மூன்று கேள்வி கேட்டார். எடை சொன்னேன். எப்போது தின்றது? அதையும் சொன்னேன், நேற்று ராத்திரி இந்த நாட்டில் திராட்சை தின்ற எல்லாரும் வருஷம் பிறக்கிற பன்னிரண்டு மணிக்குத்தான் தின்றார்கள். எத்தனை?

"தெரியல டாக்டர்."

"ஏழு மணி நேரம் ஆயிடுச்சு. இனி ஒவ்வொரு நிமிஷமும் லேட்டுதான். உடனே கிளம்புங்க. வீட்டுல உப்புத் தண்ணி, பாலு, எலுமிச்சைன்னு எதுவும் ஊத்தாதீங்க. எத்தனைன்னு கேட்டுட்டு வாங்க, எவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியணும்."

திரும்பினேன். அம்மா ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி எலுமிச்சையை நறுக்கிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தேன்.

"எத்தனை போட்டீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணியோசைக்குப் பன்னிரண்டு பழம், பழத்துக்கு ஒரு வேண்டுதல். ஓசை நிற்பதற்குள் எல்லாம் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் அந்த வருஷத்தில் வீட்டில் உடைகிற தட்டிலிருந்து வருகிற காய்ச்சல் வரை எல்லாப் பழியும் மிச்சம் வைத்தவர் தலையில் விழும்.

யுராணி என் சட்டையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதண்ணா. அஞ்சு. ஏழாவது தொண்டையில சிக்கிடுச்சு. ரேடியோக்காரன் வேற பேய் துரத்தற மாதிரி மணி அடிக்கிறான். கைய மேசைக்குக் கீழ விட்டேன், அது நக்கிடுச்சு."

உள்ளே வந்தேன். அம்மா என் காதருகே குனிந்தாள்.

"நாலு. பல்செட்டு கழண்டுடுச்சுடா. எட்டுக்கு மேல மெல்ல முடியல. உன் தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்."

ஒன்பது. ஒன்பது கிலோ நாய்க்கு ஒன்பது. பனேலா மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை.

"மாமா, ஜீப் சாவிய குடு. யுராணி ஓட்டுவா. இன்னைக்கு பஸ் கிடையாது."

"ஒரு பழத்துக்கு மணிசாலெஸ் வரைக்குமா? எனக்குத் தலை வெடிக்குதுடா."

"ஒரு பழம் இல்ல. நீ எத்தனை போட்ட?"

"நான் ஏன் போடறேன்? ஆம்பளைடா நான். பன்னெண்டையும் முழுங்கினேன்." கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அங்க கொண்டு போனா என்ன பண்ணுவாங்க?"

"மொதல்ல வாந்தி எடுக்க வெப்பாங்க."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவி கிடந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"அப்ப வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"வாந்தி வேண்டாம். வேற மருந்து குடுக்கச் சொல்லு."

"மாமா."

"அதுல என்னோடது இருக்குடா."

அம்மா காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தனை?" என்றேன்.

"பன்னெண்டும்."

"பன்னெண்டுமா?"

"ஒரு கையில கிளாஸு. இன்னொரு கையில செல்வம் வரும்னு உங்கம்மா திணிச்ச மசூர் பருப்பு. எந்தக் கையால தின்ன? தட்டை அப்படியே கீழ இறக்கிட்டேன். அது ஒவ்வொண்ணா தின்னுச்சு, மணிக்குச் சரியா." குரல் இறங்கியது. "பன்னெண்டும் நதாலிக்குத்தான்டா வேண்டிக்கிட்டேன். மூணு வருஷமா மாட்ரிட்ல பாத்திரம் கழுவிட்டு இருக்கா எம்பொண்ணு. இந்த வருஷமாவது அங்க தங்கறதுக்கு அவளுக்குக் காகிதம் வரணும்."

"தின்னது நாயி. வேண்டுதல் உனக்கா?"

"வீட்டு ஜீவன் தின்னா சேத்திதான்," என்றாள் அம்மா, அவசரமாக. அவளுடைய நாலும் அதற்குள்தானே இருந்தன.

எனக்குப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கமின்மை. இவர்களோடு தர்க்கம் பேச மூளையில் இடமில்லை.

"மாமா, நாய் செத்தா பின்கட்டுல குழி தோண்டி பொதைப்பேன். நதாலியோட காகிதமும் அதுக்குள்ளதான் போகும். யோசிச்சுக்கோ."

சாவி மேசைமேல் விழுந்தது.

யுராணி ஓட்டினாள். மாமா பனேலாவை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். வழியில் அம்மாவின் நாலையும் யுராணியின் அஞ்சையும் அவரிடம் உடைத்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் இருபத்தொன்று என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி எங்கள் மூவரையும் பார்த்தார்.

"இருபத்தொண்ணா? தானா தின்னுச்சா, ஊட்டினீங்களா?"

மாமா பனேலாவை மேசைமேல் கிடத்தினார். டாக்டரம்மா மறுபடி கேட்கவில்லை.

ஊசி போட்டதும் வாந்தி வந்தது. தாதி தட்டில் கிளறி எண்ணினாள். எட்டு. வீட்டில் வந்தது ஒன்று.

"மீதி பன்னெண்டும் கரைஞ்சு உள்ள இறங்கிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தணும். மூத்திரம் போகுதான்னு பாக்கணும். போகலன்னா கிட்னி போச்சுன்னு அர்த்தம்."

மாமாவின் முகம் மலர்ந்தது. அத்தனை நேரத்தில் முதல் தடவை.

"பன்னெண்டா? சரியா பன்னெண்டா?" என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வெளிய வந்தது ஒம்போது. உங்கம்மாவுது நாலு, இவளுது அஞ்சு. என்னோடது எல்லாம் உள்ள பத்திரமா இருக்குடா!"

"அதுதான் மாமா அதைக் கொல்லப் போகுது!"

"ஏன், உன்னோடது ஏன் வெளிய வந்திருக்கக் கூடாது?" என்று யுராணி அவர்மேல் பாய்ந்தாள். "என்னோடதுன்னு எழுதி ஒட்டியிருந்துச்சா?"

டாக்டரம்மா எங்கள் மூவரையும் வாசலுக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகு அதே கதவைத் திறந்து, ஒரு துண்டுக் காகிதத்தை என் கையில் திணித்தார். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. கேரட், வாழைப்பழம், விதை எடுத்த பப்பாளி, தர்பூசணிச் சதை கொஞ்சமாகக் கொடுக்கலாம். "வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட குடுங்க," என்றார். மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது.

இரண்டு நாள் நான் வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கவில்லை. அம்மா மணிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்த்தாள். முதல் நாள் சொட்டு மூத்திரம்கூட இல்லை என்றார்கள். அன்று மாமா குடிக்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து நல்லா போகுது. இப்ப வந்த ரத்த ரிப்போர்ட்டும் சரியா இருக்கு. பொழைச்சுக்கிச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க."

அம்மா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். மாமா ஏற்கனவே சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். செருப்பு மாட்டிக்கொண்டே என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏன்டா, டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றியா?"

"என்ன?"

"மூத்திரத்துல ஏதாவது வெளிய வந்துடுச்சாமா?"

நாய்ச் சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தேன்.