நான்காவது புள்ளி

மெர்சியின் லேப் ரெக்கார்டில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. நாலு மணிக்குள் அது விழாவிட்டால் மறுநாள் செய்முறைத் தேர்வுக்குள் விட மாட்டார்கள்.

பீளமேட்டுப் பக்கத்துக் கல்லூரி அது, வருஷம் 1994. பாக்கி நின்றது பீம் வளையும் சோதனை. இரண்டு முனையிலும் தாங்கி வைத்த இரும்புப் பட்டையின் நடுவில் எடை ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று டயலில் பார்க்க வேண்டும். பட்டை இருந்தது, டயல் இருந்தது, எடைக்கற்கள்தான் இல்லை. கேன்டீன் தராசுக் கற்களை முத்திரை போட அனுப்பிய குமாஸ்தா, லேப் கற்களையும் அதே சாக்கில் கட்டி அனுப்பிவிட்டார். ஆறு மாதமாகியும் திரும்பவில்லை.

ஆகவே அந்த வருஷம் மாணவர்களே எடைக்கற்கள் ஆனார்கள். ரயில் நிலைய மெஷினில் காசு போட்டு எடைச்சீட்டு வாங்கி வந்து, ஒவ்வொருவராகப் பட்டையில் ஏறி நின்றார்கள். நடுவில் ஒற்றை ஆள் நிற்கத்தான் இடம். மெர்சி நாற்பத்தைந்து கிலோ, நாலரை மில்லிமீட்டர். வேலுமணி ஐம்பத்து நாலு, ஐந்து புள்ளி நாலு. கௌதமன் அறுபத்து மூன்று, ஆறு புள்ளி மூன்று. வரைதாளில் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. அவர்கள் குழுவின் நான்காவது ஆளான பிரான்சிஸ் அம்மை போட்டுப் படுத்திருந்தான். நாலு புள்ளி இல்லாத வரைபடத்தில் விரிவுரையாளர் சென்னகிருஷ்ணன் கையெழுத்துப் போட மாட்டார்.

"அதுக்கென்ன அம்மணி, நான் நிக்கறேன்" என்று அவரே ஷூவைக் கழற்றினார். "எழுவத்திரண்டு கிலோ. எழுதிக்க."

தினமும் ரேஸ்கோர்ஸில் நடந்து, தொண்ணூறிலிருந்து பதினெட்டு கிலோ குறைத்த கதையை அவர் பாடத்தைவிட அதிகமாக நடத்தியிருந்தார்.

ஏறி நின்றார். முள் ஏழைத் தாண்டியது, எட்டைத் தாண்டியது, ஒன்பதில் நின்றது.

"எவ்வளவு?"

"ஒம்பதுங்க சார்" என்றாள் மெர்சி.

"முள்ளு சிக்கியிருக்கும். தட்டிப் பாரு."

வேலுமணி தட்டினான். முள் அசையவில்லை.

"மூச்சை இழுத்துப் புடிச்சுப் பாருங்க சார்" என்றான் கௌதமன், மிகப் பணிவாக. பிடித்தார். அப்போதும் ஒன்பது.

"இது இரும்பே இல்ல. மட்டமான சரக்கை வாங்கிப் போட்டிருக்கானுங்க."

"எங்க மூணு பேருக்கும் இரும்பாத்தானுங்க இருந்துச்சு" என்றான் வேலுமணி.

மணி மூன்றே முக்கால். ஒன்பதை எழுபத்திரண்டுக்கு நேராக வைத்தால் கோடு உடையும். உடைந்த கோட்டுக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார். டயலை ஏழு புள்ளி இரண்டு என்று எழுதினால் பொய் அளவு. அதற்குப் போன மாதம்தான் கௌதமனுக்குச் சைபர் போட்டார். மெர்சி ரெக்கார்டை நீட்டினாள்.

"டயலை மட்டும் எழுதிப்போட்டேனுங்க சார். எடையைக் காலியா உட்டிருக்கேன். புள்ளி எங்க வரும்னு நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க."

அவர் அளவுகோலை வைத்துக் கோட்டை நீட்டினார். ஒன்பதிலிருந்து கீழே இறங்கினார். தொண்ணூறில் வந்து நின்றார்.

"இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது."

"தாண்டாதுங்க சார்" என்றார்கள் மூன்று பேரும்.

பேனாவை வாங்கி, காலியிடத்தில் அவரே எழுதினார்: மணல் மூட்டை, 90 கிலோ. கீழே சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தது.

"சார்" என்றான் வேலுமணி, "நாளைக்குப் பரீட்சைக்கு வர்ற எக்ஸ்டர்னல் அந்த மூட்டையக் கொண்டான்னு சொன்னா?"

சென்னகிருஷ்ணன் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினார்.

"கூப்புடுங்க. வாரேன்."