போன நாளில் வந்தவள்

எங்கள் செந்தூல் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது நான் என் அக்காளுக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தேன். காரிலிருந்து அக்காள்தான் இறங்கினாள்.

அவள் மகன் ராதாகிருஷ்ணனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, தொழுநோய் என்று அவளைச் சுங்கை பூலோ தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். அவன் அப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டான். 'அம்மா எங்க, அம்மா எங்க' என்று பிள்ளை அரித்தெடுத்தான். செத்துப்போய்விட்டாள் என்றேன். வேறென்ன சொல்வது? தொழுநோய்க்காரி மகன் என்றால் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரவிடுவார்களா? செத்தவளுக்குத் திதி வேண்டுமே! வண்டி வந்த தேதியையே வைத்துக்கொண்டேன். இருபது வருடமாக அவனும் விரதம் இருந்து படத்துக்கு மாலை போடுகிறான்.

போன மாதம் நல இலாகாவிலிருந்து மார்க்கிரட் மிஸ் வந்தார். "சுகமாகி ரொம்ப நாளாச்சு, சீதா. யாருக்கும் ஒட்டாது. கொஞ்சம் கொஞ்சமா வீட்டோட பழகட்டும்" என்றார். தேதியை அக்காளே சொல்லி அனுப்பியிருந்தாள். போன நாளிலேயே திரும்பி வரவேண்டுமாம். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மகனைப் பார்த்தால் போதும் என்று அதற்கும் சம்மதித்தாள். படையலைப் பற்றி மட்டும் நான் மூச்சு விடவில்லை. அக்காள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"யாரு சித்தி இவங்க?" என்றான் ராதாகிருஷ்ணன்.

"தூரத்துச் சொந்தம்டா."

புருவம் உதிர்ந்த முகத்தை நிமிர்த்தி அக்காள் படத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு இருபது வயது, கல்யாணப் புடவை. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம்.

"வாங்க ஆன்டி. நீங்களும் அம்மாவுக்குச் சூடம் காட்டுங்க லா" என்றான் ராதா.

"வேணாம்டா, அவங்களுக்குக் கை சரியில்ல..."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் விடவில்லை. மடங்கிப்போன அந்த விரல்களில் தட்டைப் பிடிக்க வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டான். இரண்டு பேருமாகப் படத்துக்குச் சுற்றினார்கள். நான் நோய்க்குப் பயப்படவில்லை. தூக்கி வளர்த்த என்னை விட்டுப் போய்விடுவானே என்ற பயம்.

வருடா வருடம் சொல்வதைத்தான் அவன் சொன்னான்.

"அம்மா, ராதா வந்திருக்கேன்மா."

"சொல்லுய்யா" என்றது பக்கத்திலிருந்து அக்காளின் குரல்.

தட்டு நின்றது. அவன் அவள் பக்கம் திரும்பினான். சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவன் கை இன்னும் அவள் கைமேல்தான் இருந்தது.